"என் தாயார் யார்?" - மாற்கு 3:35-ஐ வைத்து அம்மாவைப் பார்க்கப் போகாதே என்கிறார்கள்

புதுவிசுவாசி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பக்கத்தை ரொம்ப நாளாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை.

மதுரைப் பக்கம் கிராமம் எங்களுக்கு. கல்லூரி விடுதியில் இருந்தபோது ஆண்டவரை ஏற்றுக்கொண்டேன். வீட்டில் வேறு யாரும் கிறிஸ்தவர்கள் கிடையாது. ஞானஸ்நானம் எடுத்த பிறகு அப்பா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். அம்மா மட்டும் அவர் வயலுக்குப் போனதும் போன் பண்ணுவார். இப்போது சென்னையில் வேலை. சபையில் ஒரு ஆன்ட்டி எனக்குத் தாய் மாதிரி. காய்ச்சல் என்று மெசேஜ் போட்டால் தூக்குவாளியில் கஞ்சியோடு வந்து நிற்பார். அந்த அன்பை நான் குறை சொல்லவே மாட்டேன்.

அம்மாவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். லீவு போட்டுக் கூட இருக்கலாம், செலவிலும் ஒரு பங்கு கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் சபைக் கட்டட நிதிக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருக்கிறேன். மூப்பர் ஒருவர் கூப்பிட்டுச் சொன்னார்: "கர்த்தருக்குப் பொருத்தனை பண்ணினதை எடுக்காதே. அங்கே போனால் திருநீறு பூசுவார்கள், நேர்ச்சை என்பார்கள், நீ பின்வாங்கிப் போவாய். உன் தாய் இங்கேதான் இருக்கிறாள்." அப்புறம் இந்த வசனத்தைக் காட்டினார்: "தேவனுடைய சித்தத்தின்படி செய்கிறவன் எவனோ அவனே எனக்குச் சகோதரனும், எனக்குச் சகோதரியும், எனக்குத் தாயுமாய் இருக்கிறான்."

வசனம் சத்தியம். ஆனால் அதற்கு இதுதான் அர்த்தமா? சண்டைக்காகக் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாமிரபரணி

சகோதரி, வசனத்தைத் தனியாகப் பிய்த்து எடுக்காமல் அதிகாரத்தை முழுசாக வாசித்தால் பாதிப் பதில் அங்கேயே கிடைக்கும். ஞாயிறு பள்ளியில் நெடுங்காலம் மாற்குவைச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

கதை 31-ஆம் வசனத்தில் தொடங்கவில்லை, 20-இல் தொடங்குகிறது. இயேசு இருந்த வீட்டுக்குள் சாப்பிடக்கூட முடியாத அளவுக்குக் கூட்டம். அவருடைய இனத்தார் அதைக் கேள்விப்பட்டு, மதிமயங்கியிருக்கிறார் என்று சொல்லி, அவரைப் பிடித்துக்கொண்டுபோக வருகிறார்கள். அவர்கள் வந்து சேருவதற்குள் எருசலேமிலிருந்து வந்த வேதபாரகர், அதாவது வேதம் படித்த பண்டிதர்கள், நடுவில் புகுந்து, இவனுக்குள் பேய்களின் தலைவனான பெயெல்செபூல் இருக்கிறான் என்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லி முடிக்கும்போதுதான் தாயும் சகோதரரும் வாசலில் நிற்கிறார்கள். அப்போதுதான் அவர், என் தாயார் யார் என்று கேட்டு, மூப்பர் காட்டிய அந்த வசனத்தைச் சொல்கிறார். குடும்பம், வேதபாரகர், மறுபடியும் குடும்பம். மாற்கு வேண்டுமென்றே இப்படி அடுக்கியிருக்கிறார்.

அந்தக் குடும்பத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாசரேத்து சின்ன ஊர். தலைநகரத்திலிருந்து படித்த பெரியவர்கள் வந்து உங்கள் பிள்ளைக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொன்னால் அது வெறும் ஊர்ப்பேச்சா? ஜனங்களை வழிதப்பப் பண்ணுகிறவன் சொந்த அண்ணன் தம்பியாக இருந்தாலும் கல்லெறியக் கொடு என்கிறது உபாகமம் 13. மானம் ஒரு பக்கம், பிள்ளையின் உயிர் ஒரு பக்கம். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு வந்தவர்கள் என்று நான் வாசிப்பதில்லை. பயந்துபோய் வந்தார்கள். ஆனால் அவர்கள் கேட்டது, பிதா ஒப்படைத்த வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வா என்பது. அதற்குத்தான் அவர் இசையவில்லை.

உங்கள் அம்மா உங்களிடம் என்ன கேட்கிறார்? ஊழியத்தை விடு, விசுவாசத்தை விடு என்றா? கால் வலிக்கிறது, கூட இரு என்கிறார். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

பெத்தானியா

மூப்பர் சொன்னதில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது கட்டட நிதி விஷயம்தான். மாற்கு 3-ஐக் காட்டியவர் இன்னும் நாலு அதிகாரம் புரட்டியிருக்க வேண்டும்.

மாற்கு 7:9-13. "உனக்கு நான் செய்யத்தக்க உதவி எதுவோ அது கொர்பான்", அதாவது காணிக்கை, என்று ஒருவன் தகப்பனிடமோ தாயிடமோ சொல்லிவிட்டால் அதற்குமேல் அவர்களுக்கு எதுவும் செய்ய விடாமல் தடுத்தார்கள் அன்றைய போதகர்கள். கோயிலுக்கு நேர்ந்த பணம் என்ற பெயரில் பெற்றவர்களுக்குச் சேர வேண்டியது நின்றுபோனது. இயேசு அதைப் பக்தி என்று மெச்சினாரா? உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்றார். "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்ற கட்டளையை அந்த இடத்தில் எடுத்துப் பேசியவரும் அவரேதான்.

என் தாயார் யார் என்று கேட்டவரும் அதே சுவிசேஷத்தில் இருக்கிற அதே ஆள். சிலுவையில் தொங்கும்போது, இனி அம்மாவை யார் வைத்துக்கொள்வார் என்று ஏற்பாடு பண்ணிவிட்டுப் போனதாக யோவான் 19 சொல்கிறது. போங்கள் சிஸ்டர். கட்டடம் காத்திருக்கும், மூட்டு காத்திருக்காது.

சீயோன்வாசல்

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், அதனால் மறுபக்கத்தையும் வைக்கிறேன். கட்டட நிதி பற்றி அந்த மூப்பர் சொன்னதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அவருடைய பயம் பொய்யில்லை.

நானும் முதல் தலைமுறைதான். வீட்டுக்குப் போன இடத்தில் அறைக்குள் வைத்துப் பூட்டப்பட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவசரமாக மாப்பிள்ளை பார்த்துக் கட்டிவைக்கப்பட்ட பெண்ணைத் தெரியும். மத்தேயு 10:37-ஐயும் ஆண்டவர்தான் சொன்னார்; தகப்பனையாவது தாயையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல என்றார். பாரம்பரியக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம். எங்களுக்கு அது ராத்திரி பஸ் ஸ்டாண்டில் பையோடு உட்கார்ந்திருந்த அனுபவம். மாற்கு 3:35 இல்லையென்றால் அன்றைக்கு நான் தனி மரமாக நின்றிருப்பேன். ஒரு சபைக் குடும்பம் கதவைத் திறந்து, இனி இது உன் வீடு என்றது. மாற்கு 10:30-இல் நூறத்தனையாக வீடுகளும் சகோதரரும் தாய்மாரும் கிடைக்கும் என்று இருப்பதை நான் கண்ணால் பார்த்தவன். இந்த இழையில் அந்த வசனத்தின் பலத்தைக் குறைத்துவிடாதீர்கள்.

தாமிரபரணி

சீயோன்வாசல் தம்பி, நீங்கள் எழுதியதை மனதோடு ஏற்கிறேன். துரத்தப்பட்டவனுக்கு அந்த வசனம் வீடு. நானும் அப்படித்தான் சொல்ல வந்தேன். யாரும் துரத்தாத ஒரு மகளைத் தாயிடமிருந்து பிரிக்க அதே வசனத்தைப் பயன்படுத்துவதுதான் என் வருத்தம்.

நீங்கள் காட்டிய மாற்கு 10:29-30-ஐ இன்னொரு தரம் பாருங்கள். விட்டு வந்த பட்டியலில் வீடு, சகோதரர், சகோதரிகள், தகப்பன், தாய், மனைவி, பிள்ளைகள், நிலங்கள். திரும்பக் கிடைக்கும் பட்டியலில் வீடுகள், சகோதரர், சகோதரிகள், தாய்மார், பிள்ளைகள், நிலங்கள், கூடவே துன்பங்கள். தகப்பன் எங்கே? இரண்டாம் பட்டியலில் இல்லை. 3:35-இலும் சகோதரன், சகோதரி, தாய் என்றுதான் இருக்கிறது. பூமியிலே ஒருவனையும் உங்கள் பிதா என்று சொல்லாதிருங்கள் என்ற மத்தேயு 23:9-ஐயும் சேர்த்து வைத்துக்கொண்டால் விஷயம் விளங்கும். இந்தக் குடும்பத்தில் தகப்பன் ஸ்தானம் காலி இல்லை, அது பரமபிதாவுக்கு உரியது. அன்றைய ரோம சாம்ராஜ்யத்தில் வீட்டுத் தகப்பன் வைத்ததுதான் சட்டம். அப்படி ஆட்டிவைக்கிற ஒருவரை இயேசு தம் குடும்பத்துக்குள் மறுபடியும் உட்காரவைக்கவில்லை.

எனவே மூப்பரோ பாஸ்டரோ நமக்கு அண்ணன்தான். அண்ணன் புத்தி சொல்லலாம், கண்டிக்கலாம். அவர் சொல்லுக்குக் கீழ்ப்படிவதுதான் தேவசித்தம் என்று எழுதியிருந்தால் காட்டுங்கள். சித்தம் பிதாவுடையது. அதைச் சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் "என் சித்தத்தின்படியல்ல" என்று முதலில் செய்துகாட்டியவர் இந்தக் குடும்பத்தின் மூத்தவரான இயேசு.

இளையகுமாரன்

ஒரு சந்தேகம் ஐயா. யோவான் 1:12-இல் அவரை ஏற்றுக்கொண்டவர்கள் எத்தனை பேர்களோ அத்தனை பேருக்கும் பிள்ளைகளாகும் அதிகாரம் கொடுத்தார் என்று இருக்கிறது. அது கிருபை. இங்கே "செய்கிறவன் எவனோ" என்று வருகிறதே? செய்தால்தான் உறவு என்றால் கிரியையினால் இரட்சிப்பு என்று ஆகிவிடாதா?

தாமிரபரணி

நல்ல கேள்வி தம்பி. அந்த வீட்டில் யாரைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்று கவனியுங்கள். மத்தேயுவில் சீஷர்களுக்கு நேராகக் கையை நீட்டுகிறார். மாற்குவில் தம்மைச் சூழ உட்கார்ந்திருந்தவர்களைச் சுற்றிப் பார்த்துச் சொல்கிறார், அதில் சாதாரண ஜனக்கூட்டமும் உண்டு. அவர்கள் அதுவரை சாதித்தது என்ன? வந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். தகுதி பார்த்துச் சேர்க்கவில்லை. முதலில் பக்கத்தில் இடம் கிடைத்தது, செய்வது அந்த இடத்திலிருந்து பிறக்கிறது.

ஆனால் செய்யாமலேயே இருந்துவிடலாம் என்றும் இல்லை. கர்த்தாவே கர்த்தாவே என்று சொல்வது மட்டும் போதாது என்று மத்தேயு 7:21-இல் இதே "பிதாவின் சித்தம்" பேச்சு வருகிறது. 21-ஆம் அதிகாரத்தில் இரண்டு குமாரர் கதை இருக்கிறதே, போகிறேன் ஐயா என்றவன் போகவில்லை, மாட்டேன் என்றவன் பிறகு மனஸ்தாபப்பட்டுப் போனான். தகப்பனுடைய இஷ்டப்படி செய்தவன் எவன் என்று கேட்டார். வாயால் மாட்டேன் என்றவனும் மகனாகவே இருந்தான், வேலைக்கும் போனான். எனக்கு அது பெரிய ஆறுதல்.

கடற்கரைக்காரன்

இயேசுவுக்கே புகழ். நான் தூத்துக்குடிக் கத்தோலிக்கன், இந்த இழையில் மாதாவைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

இந்த வசனம் வந்தாலே, பார்த்தீர்களா, அம்மாவையே ஒதுக்கிவிட்டார் என்று பிரிவினை சபை (புராட்டஸ்டண்டு) நண்பர்கள் சிலர் எங்களிடம் சொல்வதுண்டு. நாங்கள் அப்படி வாசிப்பதில்லை. லூக்கா இதே நிகழ்ச்சியை விதைப்பவர் உவமை முடிந்த கையோடு வைக்கிறார். இறைவார்த்தையைக் கேட்டு அதன்படி செயல்படுகிறவர்களே என் தாயும் என் சகோதரர்களும் என்கிறார். அதே லூக்காவின் முதல் அதிகாரத்தில் "உம் சொற்படியே எனக்கு நிகழட்டும்" என்று சொன்ன பெண் யார்? அப்படியானால் அவர் இரண்டு முறை தாய். கிறிஸ்துவின் உடலைக் கருத்தாங்கியதைவிட அவர்மேல் விசுவாசம் வைத்ததில் மரியா பெரும் பேறுபெற்றவர் என்று புனித அகுஸ்தினார் எழுதினார். ஐந்தாம் நூற்றாண்டிலேயே இந்தக் கேள்வி வந்து, பதிலும் வந்துவிட்டது.

அசிசி பிரான்சிஸ் இதை இன்னும் தள்ளிக்கொண்டு போகிறார். எல்லா விசுவாசிகளுக்கும் அவர் எழுதிய கடிதத்தில், தந்தையின் விருப்பத்தைச் செய்யும்போது நாம் கிறிஸ்துவுக்குச் சகோதரர், அவரை நம் இதயத்திலும் உடலிலும் சுமந்து, நற்செயல்களால் பெற்றெடுக்கும்போது அவருக்குத் தாய் என்கிறார். ஆண்களையும் சேர்த்துத்தான் தாய் என்றார். இதை எழுதியவர் யார் தெரியுமா? 1206 வாக்கில் அசிசி ஆயர் முன்னிலையில் உடுத்தியிருந்த துணியைக் கழற்றி அப்பாவிடமே கொடுத்துவிட்டு, இனிமேல் வானகத் தந்தையே என் தந்தை என்று வெளியேறியவர். சீயோன்வாசல் தம்பி சொல்வது அவருக்கும் நடந்தது. ஆனால் அங்கே முதலில் ஆயரிடம் இழுத்துப்போனது அப்பா, வழக்கு போட்டதும் அப்பா. மகன் தேடிப்போய் அறுக்கவில்லை.

எனவே மகளே, அம்மாவின் காலுக்கு எண்ணெய் தேய்க்கும் கையும் ஆண்டவரைச் சுமக்கிற கைதான்.

ஏட்டுச்சுவடி

சபைச் சரித்திரம் படிக்கிறவன் என்பதால் ஒரு பழைய சம்பவத்தைச் சொல்லத் தோன்றுகிறது.

203-ஆம் ஆண்டு, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரம். பெர்பெத்துவா என்ற பெண்ணைக் கிறிஸ்தவள் என்று பிடித்துச் சிறையில் வைத்தார்கள். வயது இருபத்திரண்டு இருக்கும், கையில் பால்குடிக் குழந்தை. நல்ல குடும்பம், படித்த பெண். சிறையில் அவர் எழுதிய குறிப்புகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அப்பா திரும்பத் திரும்ப வருகிறார். என் நரைத்த தலையைப் பார்த்து இரங்கம்மா என்கிறார், மகளின் கையை முத்தமிட்டு, காலில் விழுந்து அழுகிறார். விசாரணை நடக்கும் இடத்துக்கே வந்து கெஞ்சுகிறார். அவரை அடித்துத் தள்ளும்படி ஆளுநர் உத்தரவு போடுகிறான். பெர்பெத்துவா எழுதுகிறார்: அந்த அடி என்மேல் விழுந்தது போல இருந்தது, பாவம் அவருடைய முதுமை என்று துக்கப்பட்டேன்.

பலி செலுத்து, பிழைத்துப் போ என்று அப்பா கேட்டதற்கு இசையவில்லை. ஆனால் எழுதியதில் எங்கேயும் அவரை வெறுக்கவில்லை, இவர் எனக்கு அப்பாவே இல்லை என்று சொல்லவும் இல்லை.

கூடச் சிறையில் இருந்தவர் பெலிசித்தா, ஓர் அடிமைப் பெண், நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி. சிறையிலேயே எட்டாம் மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையை ஒரு கிறிஸ்தவச் சகோதரி தன் மகளாகவே வளர்த்தார். கடைசி நாளில் அரங்கத்துக்குள் காட்டுப்பசு முட்டித் தள்ளியபோது பெர்பெத்துவா எழுந்து, விழுந்துகிடந்த பெலிசித்தாவிடம் போய்க் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். எஜமான் வர்க்கத்துப் பெண்ணும் அடிமையும். ரோம சமுதாயம் அவர்களைச் சகோதரிகள் என்று ஒருநாளும் ஒத்துக்கொள்ளாது.

பவுலிடமும் இது உண்டு. ஒநேசிமு என்ற அடிமையை இனிமேல் அடிமையானவனாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள் என்று அவனுடைய எஜமான் பிலேமோனுக்கு எழுதுகிறார். ரோமர் 16:13-இல் ரூபுவின் தாயை எனக்கும் தாயானவள் என்கிறார். அந்த அம்மா பவுலுக்காக என்னவெல்லாம் செய்தாரோ, விவரம் எழுதிவைக்கப்படவில்லை. ரூபுவுக்கு அவர் தாயாக இருப்பது இதனால் நின்றுபோகவில்லை என்பது மட்டும் அந்த ஒரே வரியில் தெரிகிறது.

வடக்குத்தெரு

எல்லோரும் ரோமாபுரி, அசிசி, கார்த்தேஜ் என்று போய்விட்டீர்கள். நம் ஊரையும் பேசிவிடுவோம். இந்த வசனம் தமிழ்ச் சபைகளிடம் கேட்கிற முதல் கேள்வி அம்மாவைப் பற்றியது என்று நான் நினைக்கவில்லை, சாதியைப் பற்றியது.

1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைச் சபைக்குள் உடனே, முற்றாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சபையே பிளந்தது. திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் குடிக்கிற சகோதரனைவிடச் சாதி பெரிதாகப் போய்விட்டது பலருக்கு. கத்தோலிக்கர் பக்கமும் வித்தியாசம் இல்லை. நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் கோயிலை 1872-இல் கட்டியபோது இரண்டு கை மாதிரி இரண்டு கூடம், நடுவில் சுவர். இரு சாதியாருக்கும் பீடம் தெரியும், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. 1910 வாக்கில் அந்தச் சுவரை இடித்தார்கள், அதற்கும் கோர்ட்டுக்குப் போனார்கள்.

இன்றைக்குச் சுவர் இல்லை. பிரதர், சிஸ்டர் என்று வாய் நிறையக் கூப்பிடுகிறோம். வரன் விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள்: கர்த்தருக்குப் பயந்த குடும்பம், அதற்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர். எங்கள் ஊரில் கல்லறைத் தோட்டமும் தனித்தனிதான். தேவனுடைய சித்தம் செய்கிறவன் எனக்குச் சகோதரன் என்று அவர் சொல்லிவிட்டார். அவனோடு சம்பந்தம் பண்ணமாட்டேன் என்கிறோம் நாம். இரத்த உறவைவிடப் பெரிய உறவு இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கும் மூப்பர்கள், தங்கள் பிள்ளை கல்யாணத்தில் அந்த வசனத்தை எடுக்கட்டும். அன்றைக்கு நானும் ஆமென் சொல்வேன்.

மட்டுறுத்துநர்

சபைகளின் பெயர், ஊழியர்களின் பெயர் வேண்டாம். இதுவரை யாரும் எழுதவில்லை, நன்றி. அப்படியே தொடருங்கள்.

சீயோன்வாசல்

வடக்குத்தெரு அண்ணன் சொன்னது எனக்கும் நடந்திருக்கிறது. என்னை வீட்டில் ஏற்றுக்கொண்ட குடும்பத்தின் உறவினர்கள், பெண் பார்க்கும் பேச்சு வந்ததும் என் ஊரையும் தெருவையும் விசாரித்தார்கள். அந்தக் குடும்பத்து அப்பாதான், இவன் என் மகன், கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள் என்று எழுந்து நின்றார். அந்த வசனத்தை வைத்து ஆயிரம் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அதற்குக் கீழ்ப்படிந்த ஒருவரை அன்றைக்குத்தான் பக்கத்தில் பார்த்தேன்.

புதுவிசுவாசி, உங்களுக்கு ஒன்று. ஆபத்து இருக்கிறதா என்று உங்களுக்குத்தான் தெரியும். அப்பா கோபக்காரரா, மிரட்டுகிறவரா? அடித்துப் பூட்டிவைக்கிற வீடு என்றால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள், கிராமத்து வீட்டில் தங்க வேண்டாம். அப்படி இல்லையென்றால் தாராளமாகப் போங்கள்.

பெத்தானியா

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாசலுக்கு வெளியே நின்ற அந்தக் குடும்பம் கடைசிவரை வெளியேவா நின்றது? அவருடைய சகோதரரும் அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் 7:5 சொல்கிறது. அப்போஸ்தலர் 1:14-இல் மேல்வீட்டில் ஜெபம் பண்ணுகிறவர்கள் பட்டியலில் மரியாளும் இருக்கிறார், அவருடைய சகோதரரும் இருக்கிறார்கள். நடுவில் உயிர்த்தெழுந்தவர் யாக்கோபுக்குத் தரிசனமானார் என்று 1 கொரிந்தியர் 15:7. அந்த யாக்கோபுதான் எருசலேம் சபைக்கே தூணானார், கி.பி. 62-இல் கல்லெறியப்பட்டுச் செத்தார் என்று யூத சரித்திரக்காரர் யோசேப்பஸ் எழுதிவைத்திருக்கிறார். அண்ணனுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று பிடிக்க வந்த வீட்டுப் பிள்ளை.

"எவனோ" என்று சொன்னவர் கதவைத் திறந்துதான் வைத்திருந்தார். உங்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அது திறந்திருக்கிறது. நீங்கள் போகாமல் இருந்தால் அதை அவர்கள் யார் முகத்தில் பார்ப்பார்கள்?

புதுவிசுவாசி

எல்லாவற்றையும் இரண்டு மூன்று முறை வாசித்தேன். அழுதுகொண்டேதான் வாசித்தேன். அப்பா மிரட்டுகிறவர் இல்லை, பேசாமல் இருப்பவர், அவ்வளவுதான். லீவுக்கு எழுதிவிட்டேன். கட்டட நிதி பற்றி மூப்பரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன்: கொடுப்பேன், ஆனால் அம்மா எழுந்து நடந்த பிறகு. மாற்கு 7-ஐ அவர் முன்னால் மரியாதையாக வாசித்துக் காட்டினேன். யோசிக்கிறேன் என்றார்.

ஆன்ட்டியிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது, மனம் நொந்துகொள்வாரோ என்று. அவர் கேட்டதெல்லாம், ஆபரேஷன் எந்தத் தேதி, ராத்திரி துணைக்கு எத்தனை பேரை விடுவார்கள் என்றுதான். தானும் வருகிறேன் என்கிறார். அம்மாவிடம் போனில் சொன்னேன், அந்த அம்மாவுக்கு நம் வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்கிறார்.

மதுரையில் மருத்துவமனைப் பக்கத்தில் ஆன்ட்டி தங்குவதற்குக் குறைந்த வாடகையில் இடம் கிடைக்குமா? யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

வடக்குத்தெரு

நான் மதுரைதான் தங்கச்சி. அண்ணா நகரில் வீடு, மாடி அறை காலியாக இருக்கிறது, வாடகைப் பேச்சே வேண்டாம். எந்த மருத்துவமனை என்று தனிமடலில் போடு. அம்மாவுக்குக் காப்பீட்டு அட்டை இருந்தால் ரேஷன் கார்டு, ஆதார் நகலோடு இப்போதே எடுத்து வைத்துக்கொள். ஆபரேஷனுக்கு முன்னால் ஒப்புதல் வாங்க அதைக் கேட்பார்கள். ரத்தம் ஏற்பாடு பண்ணச் சொன்னால் நம் வாலிபர் ஐக்கியப் பையன்கள் இருக்கிறார்கள். அம்மாவுக்கு என்ன குரூப்?

புதுவிசுவாசி

ஓ பாசிட்டிவ் அண்ணா. தனிமடல் அனுப்பிவிட்டேன்.